ஆரியச் சக்கரவர்த்தியின் மாணிக்கக் கிண்ணம்

"யாழ்ப்பாண அரசனிடம் கோழிமுட்டையை விடப் பெரிய மாணிக்கம் இருந்ததாம், பறங்கியர் அதைக் கொள்ளையடித்தார்களாம், இப்போது அது இங்கிலாந்து முடியில் இருக்கிறதாம் என்று அம்மம்மா சொல்லுவா. இதில் எவ்வளவு உண்மை? அவவின் அட்டியலில் உள்ள சிவப்புக்கல்லும் அரசர் காலத்தது என்கிறா. அதை எப்படி அறிவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது. முதலாவதுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அம்மம்மாவின் கதையில் மூன்று கதைகள் கலந்து கிடக்கின்றன. ஆரியச் சக்கரவர்த்தி என்ற பட்டம் தாங்கிய யாழ்ப்பாண அரசனிடம் ஒரு மாணிக்கப் பொருள் இருந்தது என்பதைக் கண்ணால் கண்ட ஒருவர் சொல்லியிருக்கிறார். கோழிமுட்டை அளவுக் கற்கள் இன்னோர் அரசனுடையவை. இங்கிலாந்து முடியில் இருக்கும் சிவப்புக்கல்லுக்கும் எங்கள் அரசர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

கண்டவர் இபன் பதூதா. மொரோக்கோவில் பிறந்தவர், டில்லியில் முகமது பின் துக்ளக்கின் கீழ் காதியாக, அதாவது இஸ்லாமிய நீதிபதியாக, இருந்தவர், பிறகு மாலைதீவிலும் அதே பதவி வகித்தவர். 1344இல் மாலைதீவிலிருந்து மாபாருக்கு, அதாவது அப்போது மதுரைச் சுல்தான்கள் ஆண்ட தமிழகக் கரைக்குப் போகப் புறப்பட்டார். காற்று கப்பலை இலங்கைப் பக்கம் கொண்டுவந்துவிட்டது. கரை தெரிந்ததும் மாலுமிகள் இறங்கத் தயங்கினார்கள். இது ஆரியச் சக்கரவர்த்தியின் துறை, அவன் பொல்லாதவன், அவனுடைய கப்பல்கள் கடலில் கொள்ளையடிக்கும் என்றார்கள். எங்கள் அரசனைப் பற்றிய பேச்சு இப்படித் தொடங்குவது சிலருக்குக் கசக்கும். எனக்குக் கசப்பதில்லை. அந்தக் கடலில் மற்றவன் பயப்படும் அளவுக்குக் கப்பல் வைத்திருந்தவன் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

தான் மாபார் சுல்தானின் உறவுக்காரன் என்று இபன் பதூதா சொல்லி அனுப்பினார். அரசன் அழைத்துப் பேசினான். இடம் பத்தாளா என்று எழுதியிருக்கிறார். அது இன்றைய புத்தளம் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். மரத்தால் அடைத்த மதிலும் மரக் கோபுரங்களும் கொண்ட சிறிய ஊர். கரையெல்லாம் வெள்ளம் அடித்துக் கொண்டுவந்த கறுவா மரங்கள் குவியலாகக் கிடந்தன. அரசனுக்குப் பாரசீகம் விளங்கியது. மன்னார்க் கடலில் எடுத்த முத்துகள் அவன் முன்னால் இருந்தன. இவற்றுக்கு நிகரான முத்தைப் பாரசீக வளைகுடாவில் கண்டதுண்டா என்று கேட்டான். இவற்றிலும் குறைந்தவற்றைத்தான் கண்டேன் என்று விருந்தாளி சொன்னார். அரசனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "அப்படியானால் இவை உனக்குத்தான்" என்று கொடுத்தான். வேறு என்ன வேண்டும், வெட்கப்படாமல் கேள் என்றபோது, ஆதம் மலையில், அதாவது சிவனொளிபாத மலையில், உள்ள பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்று கேட்டார். பல்லக்கும், வழி தெரிந்த நான்கு யோகிகளும், மூன்று பிராமணரும், ஏவலாட்களும், சாமான் தூக்க 15 பேரும் கிடைத்தார்கள்.

மாணிக்கத்தின் பேச்சு வருவது இதற்குப் பிறகு, மலைநாட்டுப் பயணத்தில். குணகார் என்ற நகரில் ஒரு சிங்கள அரசனின் வெள்ளை யானையைக் காண்கிறார். அந்த நகரைக் குருநாகல் என்பவரும் உண்டு, கம்பளை என்பவரும் உண்டு. யானையின் நெற்றியில் ஏழு மாணிக்கங்கள், ஒவ்வொன்றும் கோழிமுட்டையிலும் பெரியவை. இதைச் சொல்லி முடித்த கையோடு, ஆரியச் சக்கரவர்த்தியிடம் உள்ளங்கை அளவான ஒரு மாணிக்கக் கிண்ணம் கண்டேன், அதற்குள் அகில் எண்ணெய் இருந்தது என்கிறார். வியந்துபோய்ப் பார்த்தவரிடம் அரசன் சொன்ன பதில்: "இதைவிடப் பெரியதும் எங்களிடம் இருக்கிறது." எங்கட ஊர்க் குணம் 14ஆம் நூற்றாண்டிலேயே இப்படித்தான் இருந்திருக்கிறது என்று நான் சிரித்துக்கொள்வதுண்டு.

யானை நெற்றியும் கிண்ணமும் அடுத்தடுத்த வரிகளில் வருவதால்தான் வாய்வழியில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. முட்டை தெற்கே, கிண்ணம் வடக்கே. அவ்வளவுதான்.

இபன் பதூதாவை எவ்வளவு நம்பலாம்? பயணக் கதையை அவர் தன் கையால் எழுதவில்லை. ஊர் திரும்பிய பிறகு சொல்லச் சொல்ல இபன் ஜுஸை என்பவர் எழுதினார். வேலை முடிந்தது 1355இல், இலங்கையைக் கண்டு பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து. கைக்குறிப்பும் மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் மாபாரிலிருந்து போகும் வழியில் மலபார்க் கரைக்கு வடக்கே கடற்கொள்ளைக்காரர் அவரை உடுத்த காற்சட்டையோடு விட்டார்கள். "இலங்கை அரசன் தந்த முத்துகளையும் மாணிக்கங்களையும் கொண்டுபோனார்கள்" என்று அங்கே புலம்புகிறார். யாழ்ப்பாண அரசன் கையிலிருந்து வெளியே போன கற்களைப் பற்றி நேரடியாகப் பேசும் சாட்சி இது. அவை இலண்டனுக்குப் போகவில்லை, கொங்கணக் கரையில் பெயர் தெரியாத கொள்ளையரிடம் போயின. எண்ணிக்கையில் அவர் மிகைப்படுத்துவார் என்பது உண்மை. ஆனால் டில்லிச் சுல்தானின் கருவூலச் செல்வத்தைப் பார்த்துப் பழகிய கண் அது. இந்த இடத்தில் அவர் சொல்வதும் உள்ளங்கை அளவுதான், மலை அளவு அல்ல.

அவருக்கு முன்னால் இலங்கை மாணிக்கத்தைப் பற்றிப் பேசியவர்கள் பலர். அவர்களை வரிசையாகப் பார்த்தால் கல் ஒவ்வொருவர் வாயிலும் இடம் மாறுவது தெரியும். 6ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து எழுதிய கொஸ்மாஸ், இலங்கைக் கோயில் ஒன்றின் உயரத்தில் பெரிய பைன் காய் அளவில் நெருப்பாகச் சிவந்த கல் வெயிலில் மின்னுகிறது என்றார். 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் காஞ்சிபுரம் வரை வந்து, இலங்கையில் பஞ்சமும் குழப்பமும் என்று அங்கிருந்து ஓடிவந்த பிக்குகள் சொல்லக் கேட்டுக் கடலைத் தாண்டாமல் திரும்பியவர். புத்தரின் பல்லை வைத்திருந்த தந்ததாது மாளிகையின் உச்சியில் பதுமராகம் ஒன்று இரவில் வெகுதூரம் தெரியும் என்று எழுதினார். ஆக அதுவரை கல் கோயிலுக்குச் சொந்தம்.

13ஆம் நூற்றாண்டு முடியும்போது கல் அரசன் கைக்கு வந்துவிடுகிறது. சீனாவிலிருந்து கடல்வழியாக ஊர் திரும்பும்போது, 1292ஐ ஒட்டி, இலங்கையைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோவின் கதைதான் உலகமெங்கும் பரவியது. இலங்கை அரசனிடம் ஒரு சாண் நீளமும் மனிதன் கைப் பருமனும் கொண்ட மாணிக்கம் இருக்கிறது, அதில் ஒரு மறு இல்லை. குப்ளாய் கான் தூதரை அனுப்பி ஒரு நகரத்தின் விலை தருகிறேன் என்றான். இது முன்னோர் சொத்து, உலகத்துச் செல்வம் எல்லாம் தந்தாலும் கொடேன் என்று அரசன் மறுத்தான். 1307இல் ஆர்மீனியப் பிரபு ஹெத்தூம் இன்னொரு சங்கதி சொல்கிறார். இலங்கையில் முடிசூடுகிறவன் அந்தப் பெரிய மாணிக்கத்தைக் கையில் ஏந்திக் குதிரையில் நகரைச் சுற்றிவர வேண்டும், அதன் பிறகே சனங்கள் அவனை அரசன் என்று ஏற்பார்கள். பிறகு வந்த ஜோர்தானுஸ் என்ற பாதிரியார் கல்லை இரண்டாக்கிவிட்டார். ஒன்று அரசன் கழுத்தில் தொங்குகிறது, மற்றதை அரசன் கையில் வைத்து உதட்டையும் தாடியையும் துடைக்கிறான். அதே காலத்து ஒதொரிக் பாதிரியார் அதே சாண் நீளக் கல்லையும், அதே சீனச் சக்கரவர்த்தியின் ஆசையையும் நிக்கோபார்த் தீவின் அரசனுக்குக் கொடுத்துவிட்டார்! துறைமுகப் பேச்சு இப்படித்தான் பயணம் செய்கிறது. இத்தனை பேரிலும் "நான் கண்டேன், அரசனோடு பேசினேன்" என்று இடமும் பேரும் சொல்லி நிற்பவர் இபன் பதூதா ஒருவர்தான். அதனால்தான் மற்ற எல்லாக் கல்லையும் விட அந்தக் கிண்ணத்தை நான் பெரிதாக எடுக்கிறேன்.

மார்க்கோ போலோ சொன்ன அரசன் யார் என்பதில் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு தனிக் கவலை உண்டு. அவர் எழுதிய பெயர் செந்தெமாயின் என்பது போல ஒலிக்கும். சில ஆய்வாளர் அதைச் சந்திரபானு என்று வாசிக்கிறார்கள். சந்திரபானு மலாய்க் குடாவின் தாம்பிரலிங்கத்திலிருந்து 1247இல் படையோடு வந்த சாவக மன்னன். பிறகு வடபகுதியைப் பிடித்துக்கொண்டான், பாண்டியருக்குத் திறை கட்டினான், மீறியபோது 1263ஐ ஒட்டி வீரபாண்டியனிடம் தோற்று மாண்டான். அவன் மகன் 'சாவகன் மைந்தன்' என்று குடுமியான்மலைக் கல்வெட்டில் வருகிறான். சாவகச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர்கள் இந்தச் சாவகரின் பெயரைத்தான் நடத்துனரிடம் சொல்லிச் சீட்டு வாங்குகிறார்கள் என்று வரலாற்றுக்காரர் பலர் சொல்வர். போலோவின் கல் உண்மையாக இருந்து, அது சாவகரிடம் இருந்திருந்தால், யாழ்ப்பாணத்தின் கதை அதிலிருந்தே தொடங்கலாம். ஆனால் இந்த அடையாளப்படுத்தல் பெயர் ஒலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அதன் மேல் மாளிகை கட்டக் கூடாது.

உறுதியான தடம் அடுத்ததில் இருக்கிறது. 1284ஐ ஒட்டி, சிங்கள அரசன் முதலாம் புவனேகபாகு இறந்ததும், பாண்டியன் குலசேகரனின் அமைச்சனான ஆரியச் சக்கரவர்த்தி அவனுடைய தலைநகர் யாப்பகூவாவைத் தாக்கி, தந்ததாதுவோடு அங்கிருந்த செல்வம் முழுவதையும் எடுத்துப்போய்ப் பாண்டியனிடம் ஒப்படைத்தான் என்று சிங்கள அரசரின் பக்கத்து நூலான சூளவம்சமே சொல்கிறது. பிறகு வந்த சிங்கள அரசன் மூன்றாம் பராக்கிரமபாகு நேரே மதுரைக்குப் போய்ப் பேசித் தாதுவை மீட்டுவந்தான். தாது திரும்பியது. செல்வம் திரும்பியதாக யாரும் சொல்லவில்லை. 1311இல் மாலிக் கபூர் மதுரைக்கு வந்து, அள்ள முடிந்ததை எல்லாம் டில்லிக்கு அள்ளிப்போனான். ஆகவே பழைய சிங்களக் கருவூலத்தின் பெருங்கல் ஏதாவது இருந்திருந்தால், அதைத் தேட வேண்டிய திசை யாழ்ப்பாண அரசரின் தலைநகரான நல்லூர் அல்ல, மதுரையும் டில்லியும்.

அப்படியென்றால் இபன் பதூதா பார்த்த கிண்ணம் எங்கிருந்து வந்தது? எங்கள் நிலத்திலிருந்து வரவே முடியாது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்க மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். கிணறு வெட்டினால் சிப்பி படிந்த வெள்ளைக்கல் வரும், மாணிக்கம் வராது. இலங்கையின் மாணிக்கமும் நீலமும் மத்திய மலைநாட்டின் மிகப் பழைய உருமாறிய பாறைகளில் பிறந்தவை. அந்தப் பாறை கரைந்து ஆற்றோடு இறங்கிச் சரளையாகப் படிந்த படைக்குச் சுரங்கக்காரர் வைத்த பெயர் இல்லம். இரத்தினபுரியில் குழி இறக்கி, இல்லத்தை அள்ளி, கூடையில் அரித்துத்தான் இன்றைக்கும் கல் எடுக்கிறார்கள். அந்த நாட்டில் 100 பணத்துக்கு மேல் பெறுமதியான கல் அரசனுக்கு, அவன் விலை கொடுத்து எடுப்பான், அதற்குக் கீழே உள்ளது கண்டெடுத்தவனுக்கு என்று இபன் பதூதா எழுதியிருக்கிறார். பெரிய கல் எதுவும் சந்தைக்கு வராமல் அரண்மனைக்குப் போகும் ஏற்பாடு இது.

அரண்மனைக்குப் போனது அங்கிருந்து வடக்கே எப்படி வரும்? திறையாக வரும். 1359ஆம் ஆண்டின் மடவளைக் கல்வெட்டு கண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது, சிங்களத்தில் இருக்கிறது, கம்பளை அரசின் உள்ளூர்களிலேயே வரி திரட்ட மார்த்தாண்டப் பெருமாளின் ஆட்கள் இருந்ததைச் சொல்கிறது. அந்த மார்த்தாண்டன் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. மலைநாடு, கீழ்நாடு, ஒன்பது துறைமுகங்கள் எல்லாவற்றிலிருந்தும் அவன் திறை வாங்கினான் என்று சிங்கள வரலாற்று நூலான இராஜாவலியவும் ஒப்புக்கொள்கிறது. பிறகு கம்பளை அரசின் அமைச்சர் அழகக்கோனார் அந்த வரிகாரரைத் துரத்தினார், கோட்டை என்ற புதிய தலைநகர் எழுந்தது, அது வேறு கதை. 1344இல் நிலைமை ஆரியச் சக்கரவர்த்தியின் பக்கம் இருந்தது.

கிண்ணத்துக்குள் இருந்த எண்ணெயையும் விடாதீர்கள். நல்ல அகில் அன்றைக்குச் சம்பா, சுமாத்திரா பக்கத்துச் சரக்கு. கிண்ணம் தெற்கத்தி மலையிலிருந்து, எண்ணெய் கிழக்குக் கடலிலிருந்து. அரசனுடைய சொந்த நிலத்துக் கடல் தந்தது முன்னால் இருந்த முத்து மட்டும்தான். இதே அரசனின் சின்னதும் பெரியதுமாக 100 கப்பல்களை மாபார்த் துறையில் ஒருமுறை கண்டேன் என்றும் இபன் பதூதா சொல்கிறார். அங்கே யேமனுக்குப் புறப்பட நின்ற சுல்தானின் எட்டுக் கப்பல்களைப் பிடிக்கத்தான் இவை வந்தன என்று சந்தேகப்பட்டுக் காவல் போட்டார்களாம். பிடிக்க வழியில்லை என்று தெரிந்ததும், "யேமனுக்குப் போகும் எங்கள் கப்பல்களுக்குக் காவலாக வந்தோம்" என்று இவர்கள் சமாளித்தார்களாம். சேது என்று பொறித்த காசடித்து, இராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு, வருகிற போகிற கப்பலில் தன் பங்கை எடுத்த அரசு அது. கல் விளையாத ஊரில் மாணிக்கக் கிண்ணம் இருந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இனி அது உண்மையான மாணிக்கம்தானா என்ற கேள்வி. இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். மாணிக்கத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல நான்கு மடங்கு. மார்க்கோ போலோவின் கல் 20 சென்ரிமீற்றர் நீளம், 8 சென்ரிமீற்றர் குறுக்களவு என்று வைத்தால், அது ஓர் அம்மிக் குழவி. நிறை 4 கிலோ, அதாவது 20,000 காரட். 2023இல் நியூயோர்க்கில் 34.8 மில்லியன் டொலருக்கு ஏலம் போய்ச் சாதனை படைத்த மொசாம்பிக் மாணிக்கம் 55.22 காரட்தான். கிண்ணத்தை 8 சென்ரிமீற்றர் அகலம், 2 சென்ரிமீற்றர் உயரம், பாதி குடைந்தது என்று எடுத்தாலும் 200 கிராம், 1,000 காரட் வரும். மாணிக்கம் கடினத்தில் வைரத்துக்கு அடுத்தது. வைரத்தூள் போன்ற மிகக் கடினமான தூள் போட்டுத்தான் குடைய வேண்டும், குடைந்ததெல்லாம் தூளாகக் கழியும். எந்த அரசனின் சாணைக்காரனும் மனம் வந்து அப்படிச் செய்யமாட்டான்.

பெரிய குருந்தக்கல் (மாணிக்கமும் நீலமும் இந்த இனம்தான்) கிடைக்காது என்பதல்ல இதன் பொருள். 2021இல் இரத்தினபுரியில் ஒரு வீட்டு வளவில் 510 கிலோ எடையான நீலக்கல் திரள் கிடைத்துப் பத்திரிகை எல்லாம் படம் போட்டது. ஆனால் அதன் பெரும்பகுதி தரம் குறைந்தது, ஒளி ஊடுருவாதது. பெரிதாகவும், சிவப்பாகவும், தெளிவாகவும் என்று மூன்றும் சேர்வதுதான் அரிது. மாணிக்கத்துக்குச் சிவப்பைக் கொடுக்கும் குரோமியம் இலங்கைக் கற்களில் பெரும்பாலும் குறைவு, அதனால் இங்கத்தைய மாணிக்கம் பலதும் இளஞ்சிவப்பு.

பழைய காலத்தவருக்குச் சிவந்து ஒளிவிடும் கல் எல்லாம் மாணிக்கம்தான். மாணிக்கத்தையும் ஸ்பினல் என்ற கல்லையும் தனித்தனிக் கனிமங்களாகப் பிரித்தறிந்ததே 1783இல். உலகத்து அரசர்களின் 'மாணிக்கங்கள்' பலதும் அதன் பிறகு ஸ்பினல் என்று பதவி இறங்கின. ஈரானிய அரச நகைகளில் உள்ள சமாரியன் ஸ்பினல் 500 காரட், அந்த இனத்தில் மிகப் பெரியது. எங்கள் கிண்ணம் அதைப் போல இரு மடங்கு இருந்திருக்க வேண்டும். ஆகவே என் ஊகம் கார்னட். செங்கரு நிறக் கார்னட் இலங்கைப் பாறைகளில் தாராளம், கட்டி கட்டியாகவும் வரும், மாணிக்கத்தை விட இலகுவாகக் குடையலாம், மெல்லிய சுவராகக் கடைந்து எண்ணெய் ஊற்றி விளக்கொளியில் வைத்தால் பார்க்கிறவன் மயங்கிப்போவான். குஜராத்தின் காம்பாயாவில் கடையும் சிவப்பு அகேட் கல்லாக இருக்கலாமே என்று கேட்பார்கள். இபன் பதூதா காம்பாயாவுக்குப் போனவர், அந்தக் கல்லை அடையாளம் தெரியாமல் ஏமாறியிருக்கமாட்டார். விலையில் குறைந்த கல் என்றால் அரசனின் மதிப்புக் குறைந்துவிடுமா என்ன? அன்றைக்கு அது மாணிக்கம், அவ்வளவுதான்.

ஐதீகங்களைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். இந்த நிலத்தின் மிகப் பழைய மணிக்கதை ஆரியச் சக்கரவர்த்திகளுக்குப் பல நூற்றாண்டு முந்தியது. நாகதீபத்தில் மாமனும் மருமகனுமான இரண்டு நாக அரசர்கள் ஒரு மணி ஆசனத்துக்காகப் போர் தொடுத்தார்கள், புத்தர் வந்து சமாதானம் செய்தார் என்று மகாவம்சம் சொல்கிறது. அதே பீடத்தை மணிமேகலை மணிபல்லவத்தில் வைத்துப் பாடுகிறது. நயினாதீவுக்குப் படகேறுகிறவர்கள் இரண்டு மதத்தாரும் இந்தக் கதையோடுதான் போகிறார்கள். அங்கே அம்மன் கோயிலுக்கும், பாம்பு கொடுத்த நாகரத்தினங்களைக் கொண்டு ஒரு வணிகர் கட்டியது என்ற தல ஐதீகம் உண்டு. பாம்பின் தலையில் கல் விளையாது என்று விலங்கியல் சொல்லும். கதைக்கு அது தடையே இல்லை.

மாணிக்கம் எப்படிப் பிறந்தது என்பதற்குப் புராணம் தரும் விடை இலங்கைக்கு நேரே வருகிறது. வலன் என்ற அசுரன் வேள்விப் பசுவாகத் தன் உடலைக் கொடுத்தான், அவன் பல் முத்தானது, கண் நீலமானது, குருதி மாணிக்கமானது. திருவிளையாடலில் சொக்கநாதர் இரத்தின வணிகராக வந்து மாணிக்கம் விற்கிற இடத்தில் இதைப் படித்திருப்பீர்கள். கருட புராணம் ஒரு படி மேலே போகிறது. அந்தக் குருதியைச் சூரியன் எடுத்துக்கொண்டு போகும்போது இராவணன் வழிமறித்தான், குருதி இலங்கையின் ஓர் ஆற்றில் சிந்தியது, கமுகஞ்சோலைகள் நிறைந்த அந்த ஆற்றுக்கு இராவண கங்கை என்று பெயர். மாணிக்கம் மலைமுகட்டில் அல்ல, ஆற்றுப் படுகைச் சரளையில் கிடைக்கும் என்ற சுரங்கக்காரனின் அனுபவம் இந்தக் கதைக்குள் ஒளிந்திருக்கிறது. கதை கட்டினவன் இரத்தினபுரிப் பக்கம் வந்தவனிடம் விசாரித்திருக்கிறான். ஆதாமும் ஏவாளும் அழுத கண்ணீர் குளமானது, அதன் அடியில் கற்கள் கிடக்கின்றன என்பது ஒதொரிக் கேட்ட கதை. அந்தக் குளத்தில் இறங்கும் ஏழைகள் அட்டைக்குப் பயந்து எலுமிச்சைச் சாறு பூசிக்கொள்வார்கள் என்று அவர் சேர்த்துச் சொல்வது மட்டும் ஐதீகமல்ல, சிவனொளிபாத மலை ஏறுகிறவர்களுக்குத் தெரியும்.

கிண்ணம் எங்கே போனது? இந்த அரசின் கருவூலம் ஒரு தடவை அல்ல, பல தடவை குலைந்தது. 1450இல் கோட்டை அரசனுக்காகச் செண்பகப்பெருமாள் படையெடுத்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது கனகசூரியசிங்கையாரியன் பிள்ளைகளோடு தமிழகத்துக்கு ஓடினான். திரும்பி வந்தது 1467இல். ஓடுகிற அரசன் யானையைக் கொண்டுபோக முடியாது, கல்லைக் கொண்டுபோகலாம், விற்றுச் சாப்பிடலாம், படை திரட்டலாம். 17 ஆண்டு அகதியாக இருந்தவனிடம் அதற்குப் பிறகு எது மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு எங்கட சனத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1560இல் கோவாவில் இருந்த பறங்கியரின், அதாவது போர்த்துக்கீசரின், வைஸ்ரோய் கொன்ஸ்தந்தினோ த பிரகன்சா கப்பற்படையோடு வந்து நல்லூரைக் கொள்ளையிட்டான். யாழ்ப்பாண அரசன் சங்கிலி வன்னிப் பக்கம் பின்வாங்கினான். அப்போது நல்லூரில் பெரிய சொத்து இருந்ததற்குக் காரணமும் உண்டு. கோட்டை அரச குடும்பத்து வீதிய பண்டார தன் செல்வத்தோடு இங்கே தஞ்சம் புகுந்து, கைகலப்பில் கொல்லப்பட்டு, அவன் உடைமை சங்கிலியின் கைக்குப் போயிருந்தது. ஆனால் அந்தக் கொள்ளையைப் பற்றிய எழுத்துகளில் ஓங்கி நிற்பது கல் அல்ல, ஒரு பல். புத்தரின் பல் என்று நம்பப்பட்ட அதைக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பெகு நாட்டு அரசன் பெருந்தொகை தருவதாகத் தூதனுப்பினான். பணமுடையில் இருந்த அதிகாரிகளுக்கு வாயூறியது. பேராயர் மசியவில்லை. பல்லை உரலில் இடித்து, எரித்து, சாம்பலை ஆற்றில் போட்டார். உண்மையான தாது கண்டியில் பத்திரமாக இருக்கிறது என்பது பௌத்தரின் பதில். 1591இல் மறுபடி பறங்கியர் வந்தார்கள், 1619இல் அவர்களின் தளபதி ஒலிவேறா அரசையே முடித்துவைத்தான், கடைசிச் சங்கிலி கோவாவில் கொல்லப்பட்டான், 1621இல் கந்தசுவாமி கோயிலும் இடிந்தது. நல்லூரில் மந்திரிமனைச் சுரங்கத்துக்குள்ளும் யமுனா ஏரிக்கு அடியிலும் புதையல் இருக்கிறது என்று இன்றும் கதைப்பவர்கள், 1450க்கும் 1619க்கும் இடையில் எத்தனை கை அந்தக் கருவூலத்துக்குள் போயிற்று என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்து முடிக்கு வருவோம். அதன் முன்பக்கத்தில் சிவப்பாக இருக்கும் 170 காரட் கல்லைக் கறுப்பு இளவரசனின் மாணிக்கம் என்பார்கள். அதுவும் ஸ்பினல். கிரனாடாவின் முஸ்லிம் மன்னனை 1362இல் கொன்று காஸ்தில் அரசன் பேத்ரோ எடுத்ததாகவும், 1367இல் போர் உதவிக்குக் கைம்மாறாக ஆங்கில இளவரசன் எட்வேட்டுக்குக் கொடுத்ததாகவும் அதன் வரலாறு சொல்கிறது. பறங்கியர் இந்தியாவுக்கு வழி கண்டதே 1498இல். நூறு வருடத்துக்கு முன்பே ஐரோப்பாவில் இருந்த கல்லை அவர்கள் நல்லூரில் எப்படிக் கொள்ளையடிப்பது? தீமூர் மாணிக்கம் என்ற 352 காரட் கல்லும் ஸ்பினல்தான். ஜஹாங்கீர், நாதிர் ஷா பெயர்கள் அதில் பொறித்திருக்கின்றன, 1849இல் பஞ்சாபைப் பிடித்த கையோடு கோகினூரோடு சேர்ந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோகினூர் வைரம், சிவப்பே அல்ல. அந்த அரச குடும்பத்தில் இலங்கைக் கல் ஒன்றைக் காட்டு என்றால், 1981இல் டயானாவுக்குப் போட்ட நிச்சயதார்த்த மோதிரத்து 12 காரட் நீலத்தைக் காட்டுவார்கள். அது கடையில் காசு கொடுத்து வாங்கியது.

அட்டியல் விஷயம். 1902இல் வெர்நேய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் சுவாலையில் உருக்கிச் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குள் அந்தக் கல் உலகச் சந்தையை நிறைத்தது. ஆகவே அம்மம்மாவின் தாய் கலியாணத்துக்குச் செய்த அட்டியல் என்றால், கல் ஒரே நிறத்தில், ஒரே அளவில், மறுவே இல்லாமல் இருந்தால், அது அப்படிப்பட்ட கல்லாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பத்து மடங்கு பெருக்கும் வில்லையால் பார்க்கும்போது வளைந்த கோடுகளும் சின்ன வாயுக் குமிழிகளும் தெரிந்தால் செயற்கை. நேரான ஊசிகள் பட்டுநூல் போல ஒன்றையொன்று வெட்டி நின்றால் இயற்கைக் குருந்தம். ஒற்றை ஒளிமுறிவு காட்டினால் ஸ்பினலோ கார்னட்டோ வெறும் கண்ணாடியோ, ஆனால் இதற்குக் கருவி வேண்டும். பழைய வேலையில் கல்லுக்குப் பின்னால் தகடு வைத்து அரக்கால் அடைத்திருப்பார்கள், நிறத்தை அந்தத் தகடுதான் கூட்டிக் காட்டும், அதனால் முன்பக்கம் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் அரக்கு வேலை தெரிந்த பழைய கைவேலைக்காரர் ஒருவரிடம் ஒரே ஒரு கல்லைக் கழற்றித் தரச் சொல்லுங்கள். அதைக் கொழும்பில் உள்ள தேசிய மாணிக்கக்கல் மற்றும் தங்காபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சான்றிதழ் எடுக்கலாம். அட்டியலைக் கையளிக்க முன்னர் கற்களை எண்ணி, நிறுத்து, முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். கழற்றுவதற்கு அம்மம்மாவின் சம்மதத்தையும் கேளுங்கள், ஏனென்றால் அரக்கு உடைந்தால் பழைய தகடு திரும்ப அதே பளபளப்போடு உட்காராது.